மார்க்கா வக்கீலும் என் சிங்கமும்

கொலைக் கேஸோடு வந்தவர்களிடம் "கத்தியில என்ன மார்க்கா?" என்று கேட்டுத் திருப்பியனுப்பிய வக்கீல், அன்றைய மலாயாவில் ஒரே ஒருவர்தான். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் மார்க்கா வக்கீல். நிலத் தகராறு, அடிதடி, பாகப்பிரிவினை எதையும் தொடமாட்டார். சோடா, பற்பொடி, ரப்பர் செருப்பு என்று நேற்று முளைத்த தொழில்காரன் எவனாவது லேபிளோடு படியேறினால் போதும், நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போடுவார். அவருடைய குடைக்குக்கூட ஒரு மார்க்கா உண்டு. குடைத்துணியில் வரைந்த இன்னொரு குடை.

லேபிள் கைக்கு வந்ததும் மற்ற வக்கீல்கள் சட்டப் புத்தகத்தைத் திறப்பார்கள். இவர் செந்தூல் ரயில் பட்டறை வாசலுக்குப் போய், வேலை விட்டு வருகிறவர்களை நிறுத்தி, "அண்ணே, இது என்ன படம்?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி நோட்டில் எழுதிக்கொள்வார். "வாங்குறவன் எழுத்தையாய்யா படிக்கிறான்? படத்தைச் சொல்லித்தான் கேக்குறான்" என்பார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இந்தக் கையால் சவுக்காரம் காய்ச்சிக் கிள்ளான் வரைக்கும் விற்றவன். லேபிளில் சிங்கத்தையும் நானே வரைந்தேன். சர்க்கஸில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த சிங்கம்! அந்த லேபிளை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போன வக்கீல் நோட்டோடு திரும்பி வந்தார்.

"முதலாளி, எல்லாரும் பூனைங்கிறாங்க."

"பட்டறைக்காரன் சிங்கத்தை எங்கய்யா கண்டான்?"

"ஒரு மலாய்க்கார அம்மாவும் கூச்சிங்னு சொல்லிருச்சு. அதுவும் பூனைதான். வேற படம் போட்டுருவோமே?"

"உசுரே போனாலும் மாத்தமாட்டேன் லா!"

மாற்றவில்லை. கடைகளில் ஜனங்கள் "பூனைச் சவுக்காரம்" என்றே கேட்டார்கள். "அது சிங்கம்யா" என்று திருத்தித் திருத்தி எனக்குத் தொண்டை கட்டியது. இரண்டு வருஷம் போயிருக்கும். கிள்ளான்காரன் ஒருவன், மீசை முளைத்த அழகான அசல் பூனையைப் போட்டுப் புதுச் சவுக்காரம் இறக்கினான். பூனை கேட்டவனுக்கெல்லாம் கடைக்காரர்கள் அவன் சரக்கை எடுத்துக் கொடுத்தார்கள். என் சரக்கு மூலையில் மலைபோல் குவிந்தது. அண்டாவைக் கவிழ்த்துவிட்டுத் தொழிலை மூடுவதுதான் பாக்கி.

கோர்ட்டுக்குப் போனோம். கிள்ளான்காரனின் வக்கீல் வெள்ளைக்கார ஜட்ஜ் முன்னால் என் லேபிளை உயர்த்திப் பிடித்தார். "துரை அவர்களே, என்ன கம்பீரமான சிங்கம்! அந்தப் பிடரியைப் பாருங்கள்! இதற்கும் எங்கள் பூனைக்கும் என்ன சம்பந்தம்?"

என் ஓவியத்தைப் புகழ்ந்த முதல் மனிதர் அவர்தான். எழுந்து கும்பிடப் போனேன். மார்க்கா வக்கீல் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"முதலாளி, அது சிங்கம்னா நாம தோத்தோம். பூனைன்னாதான் அவன் நம்ம பேரைத் திருடினான்னு ஆகும். உங்க வாயாலயே சொல்லணும்."

"கிள்ளான்காரன் முன்னாடியா?"

"சவுக்காரம் வேணுமா, சிங்கம் வேணுமா?"

அவர் எழுந்து நோட்டைப் பிரித்தார். பக்கத்தின் அடியில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு உரக்கப் படித்தார். "பூனை, பூனை, கூச்சிங், பூனை, முழுகாம இருக்கிற பூனை..." கூரையில் தொங்கும் பங்கா விசிறியை இழுப்பவன் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான்.

பிறகு நான் கூண்டேறினேன். இது என்ன படம் என்று துரை கேட்டார். கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் எவனுக்கும் தலை குனியாத நான், குனிந்துகொண்டே சொன்னேன்.

"பூனைதாங்க."

ஜெயித்தோம். கிள்ளான்காரன் தன் பூனையைக் கழற்றினான். என் அண்டா மறுபடி அடுப்பேறியது. இன்றைக்கு என் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கடைவீடெல்லாம் அந்தப் பூனை கட்டிக் கொடுத்ததுதான்.

மார்க்கா வக்கீல் காலமான பிறகு, அவர் சம்சாரம் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். எல்லாப் பூனைகளுக்கும் கீழே, அன்று கட்டைவிரல் மறைத்த இடத்தில், அவர் தன் பதிலையும் எழுதி வைத்திருந்தார்.

"எனக்கு, சிங்கம்."