நிலவறைச் சாவியைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். முதுகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தலையணை வைத்து உட்காரப் பழகுகிறாய் என்று கேட்டு மனம் குளிர்ந்தது. உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பதைக் கீழே படி. ஆனால் படுத்துக்கொண்டே படி.

"ஒண்ணும் பெரிய வேலை இல்ல அத்தான், சாறு தன் வேலையத் தானே பாத்துக்கும், நீங்க பக்கத்துல இருந்தா போதும்" என்று சொல்லி உன் ஒயின் நிலவறைச் சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போனாய். ஆயுசு முழுக்க பஸ்ஸில் விசில் ஊதியவன் நான், நம்பிவிட்டேன். உன் அப்பா உயிரோடிருந்தவரை என்னை அந்தப் படிக்கட்டில் இறங்க விட்டதில்லை. கல்யாணமான நாள் முதல் அவர் கண்ணை மூடும்வரை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே உன் அக்காவிடம், "அவரச் சாப்பிடச் சொல்லும்மா" என்பார். யாருடைய வேலையாவது பிடித்துவிட்டால் பீப்பாயை இரண்டு தட்டு தட்டி "ம்" என்பாரே, அந்த "ம்" எனக்குக் கிடைத்ததே இல்லை.

முதலில் சிவப்பு ஒயின். திராட்சைத் தோலோடு புளிக்கிற சாற்றில் தோலெல்லாம் மேலே மிதந்து வரும், காலையும் மாலையும் பலகையால் அமுக்காவிட்டால் காய்ந்து கெட்டுவிடும் என்றாய். இரண்டாம் நாளே நான் தூங்கிவிட்டேன். பதறிப்போய் இறங்கினால், தோலெல்லாம் நன்றாக நனைந்திருந்தது, பலகையில் இன்னும் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. உன் அக்காவைக் கேட்டேன். "நானா? அந்தக் குழிக்குள்ள எறங்க எனக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

அடுத்தது வெள்ளை. தோலை முதலிலேயே பிழிந்து எறிந்துவிட்டு வெறும் சாற்றைக் கதவு சாத்திய குளிர் அறையில் புளிக்க வைப்பது. மேலே பாடும் ரேடியோ எனக்குக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தவன், அதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது! ஓடிப்போய்ப் பூட்டுக்காரரைக் கூட்டி வந்தால் கதவு சும்மா சாத்தியிருக்கிறது, ஒரு விரலால் தள்ளினார், திறந்துகொண்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாசன பலமா இருக்குல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு சொட்டு குடித்திருந்தால் என் நாக்கு அழுகட்டும்.

ரோஜா நிற ஒயினுக்குத் தோல் சில மணி நேரம்தான் சாற்றில் ஊறவேண்டும், விட்டால் சிவப்பாகிவிடும் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அதையும் மறந்தேன். போய்ப் பார்த்தால் யாரோ சாற்றை அழகாக வடித்து, தோலைக் கூடையில் அள்ளி, கூடைமேல் துணியும் போட்டிருக்கிறார்கள். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துகூட வைத்தாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். பயத்தில் பாதி, அவமானத்தில் பாதி.

பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளித்து நுரைக்கிற ஒயின்தான் என் மானத்தை முழுசாக வாங்கியது. கசடு கழுத்துக்கு இறங்க, தலைகீழாகச் செருகிய பாட்டில்களைத் தினமும் துளித்துளி திருப்ப வேண்டும், அடையாளத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கோடு. நான் திருப்பிவிட்டுப் படியேறினால் போதும், பின்னால் கிர்ர், கிர்ர் என்று சத்தம். எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி முதலிலிருந்து திருப்புகிற சத்தம்.

மெழுகுவத்தி அணைந்தால் நிற்காதீர்கள், புளிக்கிற சாறு விடும் காற்று ஆளைச் சாய்த்துவிடும் என்றும் சொல்லியிருந்தாய். நேற்று அணைந்தது. நான் பாட்டுக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டு நின்றேன். தலை சுற்றியது, கால் துவண்டது. அப்போது முதுகில் ஈரமாக ஒரு கை வைத்து யாரோ என்னைப் படியேற்றி வெளியே தள்ளினார்கள். சட்டை முதுகில் ஊதாநிறக் கைத்தடம். உன் அக்கா சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தத் தடத்தில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கிறது. பிழியும் எந்திரத்தில் பாதிச் சுண்டுவிரலைக் கொடுத்தவர் நம் வீட்டில் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அக்கா அந்தச் சட்டையை மறுபடி துவைக்காமல் மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

உயிரைக் காப்பாற்றினார், நன்றி. ஆனால் செத்த பிறகும் ஒரு மனுஷன் மருமகன் வேலையை நம்பமாட்டேன் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? எனக்குப் போதும். கடைசியாக ஒரு தடவை பாட்டில்களைத் திருப்பிவிட்டு, சாவியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஒயின் கெட்டால் கெடட்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். குனியாதே, பாரம் தூக்காதே, நர்ஸம்மாவிடம் எரிந்து விழாதே. நூறு வயது நிமிர்ந்து நட.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கீழே போனேன். முதல் வரிசையைத் திருப்பி முடித்துவிட்டு, வழக்கமான கிர்ர் சத்தத்துக்காகப் படியில் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு கோடுகூட நகரவில்லை. இருட்டுக்குள் பீப்பாயை யாரோ இரண்டு தட்டு தட்டினார்கள். பிறகு "ம்". உன் அக்கா மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள், அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. என்னிடமே நேராகச் சொன்னார் மச்சான்: "மாப்பிள்ளை, அடுத்த வரிசையும் நீங்களே திருப்பிடுங்க."

சாவியை அனுப்பவில்லை. நீ மெதுவாக வா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.