கழட்டி மாஸ்டரும் சாவியில்லாத அலமாரியும்

பதுளை மாவட்டத்தில் முழுசாக இருக்கும் ஒரு பொருளைக் கண்டால் மனசு நொந்துபோகிற ஒரே மனிதர் கழட்டி மாஸ்டர்தான். ஃபேன் ஓடினால் நமக்குக் காற்று வரும். அவருக்குக் கவலை வரும், உள்ளே எத்தனை ஸ்குரூ யாரும் பார்க்காமல் கிடக்கிறதோ என்று. பஸ் ஏறினால் சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். டிரைவருக்குப் பக்கத்தில் நின்று கியர்க் கம்பியையே பார்த்துக்கொண்டு வருவார். அவர் பார்வைக்குப் பயந்து பசறை பஸ் ஒன்று அவரை ஏற்றாமலே போனதாக ஒரு பேச்சு உண்டு.

அவர் எதையும் கழட்டுவதால் அந்தப் பெயரா, அவருக்கே ஏதோ கழன்றிருப்பதாலா என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கட்சி இருந்தது. நான் இரண்டிலும் உறுப்பினர். இன்சூரன்ஸ் விற்கிறவன் எல்லாரோடும் ஒத்துப்போக வேண்டும்.

மாஸ்டருக்கு ஊர் யாழ்ப்பாணம். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் டெக்னிக்கல் ஒஃபிசராகப் பதுளைக்கு வந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, இங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்ட தனியாள். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ரைஸ் குக்கர் பார்க்க. குக்கரில் ஒரு பழுதும் இருக்கவில்லை, பிளக்கில்தான் பழுது. அதை நான் சொல்வதற்குள் குக்கர் ஒரு பேப்பர் மேல் இருபது துண்டாகக் கிடந்தது.

அவர் என் மகளுக்கு மாஸ்டர் ஆன கதைக்கு வருகிறேன்.

தர்ஷிக்கு அப்போது பத்து வயது. காலையில் யூனிஃபோர்ம் போட்டவுடன் வாந்தி எடுப்பாள். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். அது எங்களுக்கும் தெரியும், எல்லாம் வெளியே வந்திருந்தது. வீட்டில் எங்களோடு நன்றாகப் பேசுகிற பிள்ளை, வகுப்பில் ஒரு தவணை முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று டீச்சர் சொன்ன அன்றுதான் என் மனைவி முடிவெடுத்தாள்.

"கொஞ்ச காலத்துக்கு வீட்டுலயே படிக்கட்டுங்க. நான் சொல்லிக் குடுக்குறேன்."

இதே மாதிரி வீட்டில் படிப்பிக்கிற வேறு இரண்டு குடும்பம் அவளுக்குக் கிடைத்தது. பசறையில் இரட்டைப் பையன்கள், லண்டன் பரீட்சைக்குத் தயாராகிறவர்கள். மடுல்சீமையில் இருந்து ஒரு பையன், அந்தப் பாதையில் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தால் படிக்கத் தெம்பிருக்காது என்று வீட்டில் வைத்திருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் நாலு பிள்ளைகளும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். கணக்கு, இங்கிலீஷ், விஞ்ஞானம் எல்லாவற்றையும் அம்மாமார் பங்கு போட்டுக்கொண்டார்கள். தொழில்நுட்பமும் வடிவமைப்பும் மட்டும் மிஞ்சியது.

"அத நீங்க எடுங்க" என்றாள் மனைவி. "சும்மாதான இருக்கீங்க."

முதல் பாடம், அட்டையில் பாலம் கட்டுவது. சூப்பர் குளூ வாங்கினேன். பாலம் நிற்கவில்லை. ஆனால் பாலமும் என் இடது கையும் மேசையும் ஒன்றாகிவிட்டன. அன்று பிள்ளைகள் கற்றுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி ஒரு ஆளை மேசையிலிருந்து எடுப்பது.

"குக்கர கழட்டுனாரே, அவர கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"அவரு கழட்டுனது இன்னும் சேரலயே."

"நீங்க ஒட்டுனது இன்னும் பிரியலயே."

மாஸ்டர் வந்தார். கதிரையில் உட்காராமல், நாலு பிள்ளைகளோடும் தரையில் சம்மணம் போட்டார்.

"அடுத்த முறை வரேக்கை வீட்டில செத்துப்போன சாமான் ஒண்டு கொண்டு வாங்கோ. உயிரோட இருக்கிறதைக் கொண்டு வந்தா நான் பொறுப்பில்லை."

ரேடியோ, அயர்ன் பொக்ஸ், மிக்சி, பிரின்டர் எல்லாம் வந்தன. மாஸ்டர் முதல் கட்டளை போட்டார். "திறக்க முதல் ஒவ்வொருத்தரும் மூடியை வடிவாக் கீறுங்கோ."

பிள்ளைகள் ஆளுக்கொரு ஆணியை எடுத்து மூடியைக் கீறினார்கள். என் மனைவியின் மிக்சி மூடியில் தர்ஷி போட்ட கோடு இன்னும் இருக்கிறது.

"ஐயோ, என்ன செய்யிறியள்? படமல்லோ கீறச் சொன்னனான்."

இரட்டையரில் ஒருவன் பொறுமையாக விளக்கினான். "படம்னா வரையணும் சேர். கீறுனா கீறல்தான் வரும்."

"சரி, நீ சொல்லுறதும் ஞாயம்தான்" என்று மாஸ்டரும் ஒரு பென்சிலை எடுத்தார். அன்றிலிருந்து எதைத் திறக்க முன்னும் அதை வரைய வேண்டும் என்பது சட்டம். வெளியே பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்து வரைந்து, திறந்து, தப்பைத் திருத்தி இன்னொரு தரம் வரைய வேண்டும். நானும் ரேடியோவின் உட்புறத்தை ஊகித்து வரைந்தேன். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு தம்பி, எந்த மாடு?" என்றார்.

எதைச் செய்தாலும் அவரிடம் ஒரு கேள்வி இருக்கும். "ஆருக்குச் செய்யிறாய்? அவையிட்டக் கேட்டனியோ?" மடுல்சீமைப் பையன் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர்களுக்கு, கூடையோடு சேர்த்துக் கட்டுகிற குடை ஒன்று செய்தான். அவன் அத்தையிடம் கேட்டு, இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துச் செய்தது. சோதனை செய்ய ஒரு ஆள் வேண்டும். நான் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் முற்றத்தில் நின்றேன். நனையாமல் இருந்தது கூடை மட்டும். அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ் பொலிசி விஷயமாக வந்த ஒருவர், கேற்றிலிருந்தே திரும்பிப் போனார்.

ஒரே ஒரு குறை. மாஸ்டரின் வகுப்பில் எல்லாம் கழன்றன, எதுவும் திரும்பச் சேரவில்லை. வீடு முழுக்கப் பேசின் பேசினாகச் சாமான்.

"தோச மாவு கரைக்க ஒரு பேசின் இல்லீங்க சேர்" என்று மனைவி முறையிட்டாள்.

"பொறுங்கோ தங்கச்சி, எங்களுக்கு இன்னும் விளங்கி முடியேல்ல."

இப்படி இருக்கையில்தான் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒரு போன் கோல் வந்தது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மெடம் வந்து பார்ப்பார். பிள்ளைகள் ஏதாவது படிக்கிறார்கள் என்று அவருக்குத் திருப்தி இல்லையென்றால், அடுத்த தவணையிலிருந்து எல்லாரும் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இரட்டையர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை தர்ஷி, யூனிஃபோர்ம் போடாமலே வாந்தி எடுத்தாள்.

மெடம் வருவதற்கு முதல் நாள் பின்னேரம், மாஸ்டர் பண்டாரவளைக்கு ஏதோ பேட்டரி வாங்கப் புறப்பட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே பிள்ளைகளிடம் சொன்னார்:

"அவ வர முதல் கழட்டினது எல்லாத்தையும் வடிவாப் பூட்டி வையுங்கோ. பிள்ளை தர்ஷி, நீதான் பொறுப்பு."

"சரி சேர்."

நானும் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வழியாக வீடு சுத்தமாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பிள்ளைகள் எல்லாப் பேசினையும் முன்னறையில் இருந்த இரும்பு அலமாரிக்குள் கொட்டினார்கள். அந்த அலமாரிக்குச் சாவி கிடையாது.

"ஒரு கயித்த போட்டு கட்டிரு" என்றேன்.

"சேர் வடிவா பூட்ட சொன்னாரு அப்பா" என்றாள் தர்ஷி. குடைக் கம்பி, பிரின்டரின் ஸ்பிரிங், பழைய சைக்கிளின் பிரேக் கேபிள் மூன்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழும்பவில்லை.

மறுநாள் மெடம் வந்தார். சிரிக்காத முகம், தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன்.

"மெடம், கல்விங்கிறது என்னான்னா..."

"நீங்க என்ன வேல செய்றீங்க?"

"இன்சூரன்ஸ் மெடம்."

"அப்ப கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். பிள்ளைகள் செய்ததைப் பார்க்க வேண்டும் என்றார் மெடம். மெடத்துக்குச் சற்று முன்தான் வந்து சேர்ந்திருந்த மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "பிள்ளையள், பூட்டினதைக் காட்டுங்கோ."

நாலு பிள்ளைகளும் அலமாரியைக் காட்டினார்கள்.

"எங்க ரேடியோ?"

"உள்ள போட்டு பூட்டியாச்சு சேர்" என்றான் ஒரு இரட்டையன்.

"மிக்சி?"

"அதுவுந்தான்."

யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கழட்டிப் பூட்டினேன் என்றால், பிரித்துத் திரும்பப் பொருத்தினேன் என்று அர்த்தம். இந்தச் செய்தி பதுளைக்கு வந்துசேர்ந்தது அந்த நிமிஷத்தில்தான்.

"திருப்பிப் பொருத்தச் சொன்னனான்" என்றார் மாஸ்டர்.

"பொருத்துறதுன்னா பொருத்துன்னு சொல்லணும் சேர்" என்றான் அதே இரட்டையன்.

மெடம் ஏதோ எழுதிக்கொண்டார். "பரவாயில்ல, தொறங்க."

மாஸ்டர் ஸ்குரூ டிரைவரோடு போனார். சாவித் துவாரம் இல்லை. வெளியே ஒரு ஸ்குரூத் தலையும் இல்லை. அலமாரியைச் சுற்றி வந்தார். தரையில் படுத்து அடியில் பார்த்தார். அங்கே தொங்கிய கேபிளைக் கண்டுபிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. நான் உதவிக்குப் போய்க் கைப்பிடியை ஒரு இழு இழுத்தேன். கைப்பிடி என் கையோடு வந்தது. அதை மெடம் பார்க்காமல் பொக்கெட்டில் போட்டேன். மெடம் பார்த்தார்.

"இந்த பூட்ட செஞ்சது யாரு?"

மூன்று பிள்ளைகள் தர்ஷியைப் பார்த்தார்கள். தர்ஷி சுவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுக்கிற விதம் எனக்குத் தெரியும், முன்பு காலையில் யூனிஃபோர்மோடு பார்த்த அதே முகம். மகள் கூச்ச சுபாவம், நான் சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன்.

"தம்பி, நீங்க கதையாதேங்கோ" என்றார் மாஸ்டர் தரையில் படுத்தபடியே. பிறகு அவளிடம், "பிள்ளை, எனக்கு இது விளங்கேல்ல. சொல்லித் தா" என்றார்.

அது வாத்தியார்மார் போடுகிற நடிப்பு இல்லை. மனுஷனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நெற்றியில் தூசி, கண்ணில் அப்படி ஒரு தவிப்பு.

தர்ஷி அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சும்மா இழுத்தா வராது சேர். கதவ உள்ளுக்கு தள்ளிக்கிட்டே கேபிள இழுக்கணும்."

"ஏன் தள்ளணும்?" இது மெடம்.

தர்ஷி மெல்லத் திரும்பி, மெடத்தின் செருப்பிடம் சொன்னாள். "தள்ளலைன்னா குடக்கம்பி ஓட்டையில இறுகி நிக்கும். தள்ளுனா லூசாகும், அப்பதான் கழண்டு வரும்."

"நான் தொறந்து பாக்கவா?"

"ம். ஆனா தள்ளி நில்லுங்க, உள்ள நெறைய சாமான் இருக்கு."

மெடம் ஃபைலை என் கையில் திணித்துவிட்டு, சாரியைச் செருகிக்கொண்டு குனிந்து, ஒரு கையால் கதவைத் தள்ளி மறு கையால் கேபிளை இழுத்தார். டக் என்று கதவு திறந்தது. ரேடியோவும் மிக்சியும் அயர்ன் பொக்சும் துண்டு துண்டாக அவர் காலடியில் கொட்டின. இது என்ன, இது எதற்கு என்று மெடம் ஒவ்வொன்றாகக் கேட்க, தர்ஷி பதில் சொன்னாள். முதலில் காந்தம் வைத்துச் செய்த பூட்டு ஏன் சரிவரவில்லை என்பதையும், யாரும் கேட்காமலே சொன்னாள்.

கிளம்பும்போது மெடம் எங்களிடம், "பள்ளிக்கூடம் போகாதத சரின்னு நான் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், அடுத்த வருஷம் வந்து பாக்குறேன்" என்றார். பிறகு தர்ஷியிடம், "எங்க ஒஃபிஸ் அலமாரிக்கும் சாவி இல்ல மகள்" என்றார்.

"அதுல என்னா வைப்பீங்க? யாரு யாரு தொறப்பாங்க?" என்று கேட்டாள் தர்ஷி.

மாஸ்டர் மூக்கைச் சிந்துகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்த, ரேடியோ பாடியது. அயர்ன் பொக்ஸ் என் சேர்ட் ஒன்றை எரிக்கும் அளவுக்கு வேலை செய்தது. போன வருஷம் தர்ஷி தானாகவே வந்து, லேப் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றாள். முதல் நாள் காலை அவள் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். இடியப்பத்தைத் தொடாமல் கேற்றடியில் நின்றது நான்தான். மாஸ்டரின் முழங்காலுக்குப் பதுளைக் குளிர் ஒத்துவராமல், அவர் யாழ்ப்பாணத்தில் தம்பி வீட்டுக்கே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கிருந்து கோல் எடுப்பார். தர்ஷி ஒரு மணித்தியாலம் பேசுவாள், சில நேரம் அவரைப் பேசவே விடமாட்டாள். என்னோடு அவர் பேசுவது "பிள்ளையிட்டக் குடுங்கோ" என்கிற இரண்டே வார்த்தை. அதைக் கேட்பதற்காக, போன் அடித்தால் நான்தான் ஓடிப்போய் முதலில் எடுக்கிறேன்.