வரியில்லாத வீடு

வீட்டு வரியைப் பாதியாக்காமல் ஓய்வதில்லை என்று ஆஸ்டின் டவுன் ரெமிஜியஸ் சபதம் போட்டார். போட்டாரா, அதோடு விட்டாரா! தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கி, மகஜர் மேல் மகஜர் அனுப்பி, சர்க்காரையே மசிய வைத்துவிட்டார். வரி பாதி. குறைகிற மீதியைச் சர்க்காரே முனிசிபாலிட்டிக்குக் கொடுத்துவிடுமாம். கழுத்து மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

“பிரிஜெட்! ஜெயிச்சுட்டேன்!”

“ரொம்ப சந்தோஷங்க. என் கிளாஸை மூடிட்டாங்க.”

அவர் மனைவி பிரிஜெட் முனிசிபல் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்.

“ஏன் மூடணும்?”

“பள்ளிக்கூடம் வீட்டு வரியிலதானே நடக்குது?”

“அதான் சர்க்கார் தருதே!”

“தரும், தரும். வர்ற வரைக்கும் எங்க கிளாஸ் நடந்த வாடகை ஹாலைக் காலி பண்ணிட்டாங்க. முப்பத்தெட்டுப் பொண்ணுங்க திங்கட்கிழமையிலிருந்து வீட்டுல பாத்திரம் தேய்க்கணும்” என்றாள்.

ரெமிஜியஸுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. “அதுக்கு நான் என்ன பண்றது?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆனா பள்ளிக்கூடம் நடக்கிற வீட்டுக்கு வரியே கிடையாதாமே, நெஜமா?”

“வரியே கிடையாதா!”

மனுஷனுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அன்று மாலையே, “வீடு முழுவதும் பள்ளிக்கூடமே” என்று பிரிஜெட் பேரில் தன் கைப்பட மனு எழுதினார். எல்லாம் தன் சொந்த யோசனை என்றே நம்பினார், பாவம்.

திங்கட்கிழமை அவர் வீட்டு ஹாலிலேயே வாய்ப்பாடு முழங்கியது. ரெமிஜியஸின் சாய்வு நாற்காலி கொல்லைப்புறம் போயிற்று. வியாழக்கிழமை வரி இன்ஸ்பெக்டர் தேசிகன் மனுவும் கையுமாக வந்தார்.

“முழுக்கப் பள்ளிக்கூடம்னா வேற யாரும் குடியிருக்கக் கூடாது. டீச்சரும் வாட்ச்மேனும் தங்கலாம். பொய்யா எழுதியிருந்தா முழு வரி, அதுக்கு மேல அபராதம், கிளாஸும் காலி” என்றவர், லுங்கியும் கிழிந்த பனியனுமாக நின்ற ரெமிஜியஸை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஆள் யாரு?”

ரெமிஜியஸ் வாயைத் திறந்தார். அபராதம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷன் பேரைச் சொல்லாத பிரிஜெட், கண்ணை இமைக்காமல் சொன்னாள்: “வாட்ச்மேன் சார். ரெமிஜியஸ், நேரமாச்சு பாரு, ஓடிப்போய் மணி அடி.”

ரெமிஜியஸ் ஓடினார்.