மஞ்சள் கொடியும் மொராக்கோ பூசணிக்காயும்

மஞ்சள் கொடி என்றால் மங்களம் என்று நம்பியவன் நான். அரைக் கிழவனான பிறகு, போர்ச்சுகல் நாட்டு ஆற்றுத் துறைமுகம் ஒன்றில் வைத்துத்தான் அந்த நம்பிக்கை உடைந்தது. கூடவே ஒரு பூசணிக்காயும்.

என் மனைவி சாந்தியின் தம்பி பாபு அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். மொராக்கோவில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி (அவன் அதை 'யாட்' என்பான், முதல் அலையிலேயே வாந்தி எடுத்த எனக்கு அது மிதக்கும் ஷேர் ஆட்டோ) எங்களையும் ஏற்றிக்கொண்டு கடல் தாண்டினான். ஆற்று முகத்துவாரத்தில் நுழைந்ததும், "இந்த நாட்டுல இது ரூல் மாமா" என்று மஞ்சள் கொடி ஒன்றை ஏற்றினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பக்தியான நாடு!

கரையில் படகைக் கட்டிவிட்டு பாபு பாஸ்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டான். "மாமா, ஆபீஸ்ல பேப்பர் குடுத்துட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் யாரும் கீழ எறங்காதீங்க. அவுங்க ஒத்துக்கலன்னா வந்த வழியே திருப்பி அனுப்பிருவாங்க."

அவன் தலை மறைந்ததும் சாந்தி ஆரம்பித்தாள். "என் தம்பி புது வண்டி வாங்கிகினு வந்துகீறான். திஷ்டி கழிக்காம குந்திகினு கீறியே, நீயெல்லாம் ஒரு பெரிய மனுசனா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கும் பதவி என்னுடையது. (வேறு பதவி எதுவும் தரவில்லை.) விடுவேனா? மொராக்கோ சந்தையிலேயே சாந்தி காயை வாங்கி வைத்திருந்தாள். குங்குமம் திருமுல்லைவாயிலிலிருந்தே வந்திருந்தது. துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி, கரையில் இறங்கி, படகுக்குச் சுற்றிக் காட்டி, படகுத்துறையின் பலகைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

பலகை முழுக்கச் சிவப்புச் சேறு. பக்கத்துப் படகிலிருந்த வெள்ளைக்கார அம்மாள் அலறினாள்.

பாபுவோடு சீருடை அதிகாரி ஓடி வந்தார். "என்ன இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பம்ப்கின் சார்."

"எங்கே வாங்கியது?"

"மொராக்கோ சார்!" என்றேன், பெருமையாக.

பாபு கண்ணை மூடிக்கொண்டான். "மாமா, செக் பண்ணாம இங்க ஒரு கருவேப்பிலைகூட எறக்கக்கூடாது. அந்தக் கொடிக்கே, 'வெளிநாட்லேர்ந்து வந்துகீறோம், வந்து செக் பண்ணுங்க'ன்னுதான் அர்த்தம்."

"அத மொதல்லயே சொல்ல மாட்டியா நைனா?"

"எறங்காதீங்கன்னு சொன்னேனே, அத இன்னா பண்ணீங்க?"

போர்ச்சுகல் ஜெயிலில் சோறா, ரொட்டியா? 'அம்பத்தூர் ஆசாமி பூசணிக்காயுடன் கைது' என்று டிவியில் ஓடுமா? பாபுவின் படகைப் பிடுங்கிக்கொள்வார்களா? அதிகாரியின் காலிலேயே விழுந்துவிடலாம் என்று பாய்ந்தேன். வழுக்கி, சேற்றில் விழுந்தேன். எழுந்தபோது கொலைகாரனும் நானே, பிணமும் நானே.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பூசணிக்காய் வாங்கினால், "மாமாவுக்கு வாளிய எடுத்து வைங்க" என்று ஒரு குரல் வரும். அன்று கைது, நாடுகடத்தல் எதுவும் நடக்கவில்லை. அதிகாரி ஒரு பையும் வாளியும் பிரஷ்ஷும் கொடுத்தார். துண்டுகளைப் பையில் பொறுக்கிப் போட்டேன். பலகையைத் தேய்த்தேன். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள்.