மாஸ்டர் படிப்பும் வெள்ளிக்கிழமைத் தட்டும்

கோட்டுச்சேரிமேடு,
திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் முத்துக்குமரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை அஞ்சுகத்தின் வீட்டுக்காரன் சிங்காரவேலு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அஞ்சுகமும் நலம். ஸ்காட்லாந்தில் மகள் வினிதா நலம், கொஞ்சம் சளி. பூவத்தில் நீங்கள் நலம் என்பது நேற்று போனில் உங்கள் குரல் வந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டதால் தனியாக விசாரிக்கவில்லை. பூங்கொடி அக்காவையும் மருமகன் ராஜாவையும் கேட்டதாகச் சொல்லவும். மருமகன் என்று எழுதியது, மச்சான் பிள்ளை என்ற முறைக்கு மட்டும். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்களிடம் ஒன்றை மறுத்துச் சொல்ல எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை. நேற்று நீங்கள், "வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு மாப்ள, தட்டு எடுத்துக்கிட்டு வரோம். புள்ள ஊருல இல்லாட்டி என்ன, பெரியவங்க நாம மாத்திக்கிட்டாப் போதும். அது அங்கேருந்து வீடியோவுல பாக்கட்டும்" என்றீர்கள். நான் "வாங்க மச்சான்" என்றேன். மச்சான், வரோம் என்று ஒருவர் சொன்னால் வாங்க என்று சொல்வதுதானே நம் பக்கத்து வழக்கம்? புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னால்கூட வரட்டும் என்றுதானே சொல்கிறோம்? அந்த 'வாங்க' உங்களுக்குச் சொன்னது, தட்டுக்குச் சொன்னதல்ல. போனை வைத்து, முகம் கழுவி, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான், வினிதாவை ராஜாவுக்கு நிச்சயம் செய்ய நான் சம்மதித்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது.

ஆகவே தட்டு வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிட உட்கார்ந்தேன். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வீர்கள், காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

இது எல்லாவற்றுக்கும் மூலம் போன மாதம் என் பங்காளி வீட்டுக் காதுகுத்துதான். ஒலிபெருக்கியை நேராக என் தலைக்கு மேல் கட்டியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் காசியம்மா. கூடையில் மீன் விற்கும் நம்ம காசியம்மாவை உங்களுக்குத் தெரியும், அவர் காதில் விழுந்த சேதி நிரவி ஊர் வரைக்கும் போய்ச் சேர பஸ் தேவையில்லை. "உம் மவ எங்கடா போயிருக்கு?" என்றார். "ஸ்காட்லாந்துக்கா" என்றேன். "அது பிரான்சுல எந்தப் பக்கம்?" என்றார். காரைக்காலில் வெளிநாடு என்றால் ஒன்று பிரான்சு, இல்லாவிட்டால் துபாய், மூன்றாவதாக ஒன்று இருப்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "பிரான்சு இல்லக்கா, இது வேற ஊரு, அங்க மாஸ்டர் படிக்குது" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். காசியம்மா என் காதருகே வந்து ஏதோ கேட்டார். எனக்குக் கேட்டது பரோட்டா, டீ என்ற இரண்டு சொல்தான். பந்திக்குக் கூப்பிடும் நேரம், நம்மை உபசரிக்கிறார்கள் என்று நினைத்து, "பரோட்டால்லாம் வேணாங்கா, டீ போதும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுவும் நல்ல தொழில்தான்டா, மனச விட்டுடாத" என்றார். டீ குடிப்பதற்கு எதற்கு ஆறுதல் என்று யோசித்தேனே தவிர, அவர் கேட்டது 'மாஸ்டர்னா பரோட்டா மாஸ்டரா, டீ மாஸ்டரா' என்பது எனக்கு மறுநாள் காலை துறைமுகத்து ஏலக்கூடத்தில்தான் விளங்கியது. அங்கே ஆளாளுக்கு என்னைப் பார்த்து, எப்போ திரும்பி வருது, சொந்தமாக் கடை போடுதா என்று விசாரித்தார்கள்.

இதை அப்போதே விட்டிருந்தால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனுக்கு எதையும் பாதியில் விட வராது. துறைமுகத்து வாசலில் காஜா நஜ்முதீன் பாய் டீக்கடையில் கூட்டமாக இருந்த நேரம் பார்த்து, "எம் மவ எம்.எஸ்சி. படிக்கிது, இந்நேரம் லைப்ரரியிலதான் இருக்கும், நீங்களே பாருங்க" என்று சொல்லி வினிதாவுக்கு வீடியோ போட்டேன். கைச்செலவுக்காக அது வாரத்தில் சில நாள் ஒரு காப்பிக் கடையில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும், எந்த நாள் என்பதுதான் மறந்துவிட்டது. கறுப்பு ஏப்ரனும் கையில் பால் குவளையுமாக வந்து நின்றது. பின்னால் மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டது. "அப்பா, ஷிப்ட்ல இருக்கேன், அப்புறம் பேசவா?" என்றது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நஜ்முதீன் பாய் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்து, "அண்ணே, புள்ள பால் நுரையில இலைப் படம் போடுதுண்ணே! கையில என்னா நிதானம்!" என்றார். அன்றிலிருந்து அவரும் டீ நுரையில் இலை போட்டுப் பார்க்கிறார். நண்டு மாதிரி வருகிறது. நம்ம ஆட்கள் அதுதான் படம் என்று நினைத்து, எனக்கு ஒரு நண்டு டீ என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

மச்சான், வினிதா படிப்பது கடற்கரை மண்ணைப் பற்றிய படிப்பு. அலை ஓர் இடத்தில் மணலை எடுத்து இன்னோர் இடத்தில் போடுகிறதாம், கரையில் கல்லைக் கொட்டினால் அது எங்கே எடுக்கும், எங்கே போடும் என்று கணக்குப் பார்க்கிறார்களாம். எனக்கு விளங்கியது அவ்வளவுதான், அதிலும் பாதி தப்பாக இருக்கும். இதை காசியம்மாவிடம் சொன்னதற்கு, "இதுக்கு எதுக்குடா அவ்ளோ தூரம்? நம்ம மேட்டுல போயி நின்னா காலுக்கடியிலயே எடுக்குதே" என்றார். சரியான கேள்வி என்று வினிதாவிடம் அப்படியே சொன்னேன். "சரிதாம்பா. எடுத்த மண்ணு எங்க போவுதுன்னு காசியம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டது. எனக்கும் தெரியாததால், சாப்பிட்டியா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.

இந்த டீ மாஸ்டர் சேதி பூவத்தில் உங்கள் வலைக்கடை வரைக்கும் வந்து, நீங்கள் நாலு பேர் முன்னால், "டீ ஆத்துறதுக்கா சீமைக்கு அனுப்புனோம்? தாய்மாமன் நான் இருக்கேன், கூட்டியாந்து எம் மவனுக்குக் கட்டி வெச்சுக்கிறேன்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. எந்த மாமன் இப்படிக் கிளம்புவான்? நடுக்கடலில் எஞ்சின் நின்ற போட்டைக் கட்டி இழுத்து வரப் போகிற மாதிரி கயிற்றோடு கிளம்பிவிட்டீர்கள். ஆனால் அந்தப் போட்டில் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது மச்சான்.

ஓடுகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். போன குளிரில் நான் நெத்திலிக் கருவாடு அனுப்பினேன். வினிதா அதை ஆசையாக வறுத்திருக்கிறது. புகைக்கே அலாரம் அடிக்கிற கட்டடமாம். அடித்தது. மேல் மாடி, கீழ் மாடிப் பிள்ளைகள் எல்லோரும் போர்வையோடு பனியில் போய் நிற்க, தீயணைப்பு வண்டி வந்து, தலையில் தொப்பி வைத்த ஒருவர் வாணலியைத் திறந்து பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே ஊருக்குக் கிளம்பியிருப்பேன். இது ஒவ்வொரு கதவாகத் தட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறது. மறுநாள் பக்கத்து அறை நைஜீரியாப் பெண் வந்து கதவைத் தட்டி, அந்த மீன் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டதாம். எங்கள் ஊரிலும் இந்த வாசம் உண்டு, வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்றதாம். இப்போது இரண்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சேர்ந்துதான் வறுக்கின்றன.

நேற்று ராத்திரி வெள்ளிக்கிழமை விஷயத்தை வினிதாவிடம் சொன்னேன். நான் போன்தான் கட்டாகிவிட்டது என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன். "இருக்கேம்பா" என்றது. "ராஜா அத்தான் நல்லவருதாம்பா. எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்ததே அவருதான். அதுக்காக என்னைய ஒரு வார்த்தை கேக்காம தட்டு மாத்திக்குவீங்களா? எங்க புரொபசர் படிப்பு முடிஞ்சதும் வேலைக்குக் கூப்பிட்டிருக்காரு. ரெண்டு வருசம் இருந்து பாக்கணும்னு நெனைக்கிறேன். நீங்க மாமாகிட்ட என்ன சொன்னீங்க?"

"வாங்கன்னேம்மா."

"அப்ப இப்ப வேணாம்னு சொல்லுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது பாருங்கள். ஊரை விட்டு வெகுதூரம் போனால் இந்த மாதிரி தைரியமெல்லாம் வந்துவிடுகிறது. "சரிம்மா" என்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே, யார் என்ன சொன்னாலும் சரி என்பது. ஆனால் மச்சான், இந்த ஒரு சரியை மட்டும் நான் காப்பாற்றியாக வேண்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை தட்டு வேண்டாம். எழுதிவிட்டேன். ராஜாவுக்கு வேறு இடத்தில் பார்ப்பதென்றால் தாராளமாகப் பாருங்கள், அத்தை வீட்டு முறைக்கு நானே முன்னால் வந்து நிற்பேன். இல்லை, காத்திருக்கிறேன் என்று அவன் சொன்னால், அதை அவனே வினிதாவிடம் பேசிக்கொள்ளட்டும். நீங்களும் நானும் தட்டை மாற்றிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரையும் வீடியோவில் உட்கார வைக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அஞ்சுகத்துக்கு இது எதுவும் தெரியாது. அண்ணன் சொல் என்றால் அவளுக்குச் சாமி சொல் மாதிரி. தெரிந்தால் உங்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் வீட்டில் நான் தனி ஆள். அதனால்தான் இதைப் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கடலுக்குப் போகிற நம்மாட்கள் எல்லோருடைய வலையும் அளவாகக் கிழியவும், கிழிந்தவர்கள் எல்லோரும் உங்கள் கடைக்கே வரவும், உங்கள் குடும்பம் குறைவில்லாமல் இருக்கவும் அம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கும்,

தங்கள் அன்புள்ள
சிங்காரவேலு

பி.கு.: வீட்டுக்கு வந்து இதைக் கவரில் போட்டு ஒட்டப்போகும்போது உங்கள் போன் வந்தது. "மாப்ள, வெள்ளிக்கிழமை காலையிலயா, சாயங்காலமா?" என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். "எப்ப வேணாலும் வாங்க மச்சான்" என்றேன். அதற்குப் பிறகு நடந்ததும் தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். அஞ்சுகம் அடுப்படியிலிருந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கி, "அண்ணே, காலையில வாங்க, அண்ணியக் கூட்டிக்கிட்டு வாங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. தட்டு மட்டும் எடுத்தாராதீங்க. அங்கயே வேலை பாருடின்னு புள்ளகிட்ட நாந்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். நீங்கள், "சரிம்மா. என்ன மீனு?" என்றீர்கள். "கொடுவா" என்றாள். முடிந்தது. நான் ஒரு சாயங்காலம் பூராவும் உட்கார்ந்து எழுதிய விஷயம். இது உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். "வேல சேதிய புள்ள மொதல்ல எங்கிட்டதான் சொன்னுச்சு, தட்டு சேதியும் நேத்தே சொல்லிடுச்சு. உங்கள்ட்ட சொன்னா நீங்க புள்ளைக்கும் சரிம்பீங்க, அண்ணனுக்கும் சரிம்பீங்க, அதான் சொல்லல" என்றாள். ஆகவே மேலே உள்ளதைப் படித்து நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டாம்பு ஒட்டிவிட்ட பாவத்துக்கு அனுப்புகிறேன். தட்டுதான் வேண்டாம் என்றாளே தவிர, பை வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் குழம்புக்கு உங்கள் கொல்லை மாங்காய் நாலு, புளிப்பாகப் பார்த்துப் பறித்து வரச் சொன்னாள்.