ஏழு முறை அலசிய புட்டி

செய்திமடல் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நமது ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிப் புட்டி கழுவுகிறவனின் பணிவான வணக்கம். நான் நலம். தாங்களும் தங்கள் மூக்குக்கண்ணாடியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்த மாத இதழில் ‘நாற்பது நாள் துடித்த இதயச் செல்கள்’ என்ற செய்திக்குக் கீழே என் படத்தைப் போட்டதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. படத்தில் பாதி முகத்தை வாளி மறைக்கிறது. பரவாயில்லை, வாளியும் என்னுடையதுதான். மூன்று மாதம் முன்பு என் நிலைமை தங்களுக்குத் தெரியாது. புட்டி கழுவ ஓர் இயந்திரத்தை வாங்கி மூலையில் நிறுத்திவிட்டு, “இனிமே மிஷினே மூணு தடவை அலசிடும், நீங்க வாசல்ல உட்கார்ந்து வர்றவங்க பேரை எழுதுங்க” என்று மேலாளர் சொல்லிவிட்டார். என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. மிஷின் ஓடத் தொடங்கிய வாரமே இதயப் பிரிவு டாக்டரம்மா புட்டிக்குள் வளர்த்த செல்கள் வரிசையாகச் செத்துப்போக, அவர் சூட்டைக் கூட்டி, குறைத்து, தீனியை மாற்றி, கடைசியில் புட்டியும் தீர்ந்துபோய், நான் முன்பு கழுவி வைத்திருந்ததில் நாலு எடுத்துப்போனார். அதில் போட்டது மட்டும் பிழைத்தது! மிஷின் மிச்சம் வைத்த சோப்புதான் எமன் என்று கண்டுபிடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணே, நீங்க எத்தனை தடவை அலசுவீங்க?”

இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. விட்டுக்கொடுக்காமல் “ஏழு” என்றேன். ஏழு உடனே நிலைய விதியாகிவிட்டது. என்னை மேலே கூட்டிப்போய் நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் துடிப்பதைக் காட்டினார். கண் கலங்கிவிட்டது, கலங்கியதால் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இப்போது சிறுநீரகப் பிரிவும் மூளைப் பிரிவும் புட்டியோடு என் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். இயக்குநரே வந்து என் ஈரக் கையைக் குலுக்கி முழங்கைவரை நனைந்து போனார். மிஷின் மேல் எல்லோரும் குடை காயப்போடுகிறார்கள். வாசல் உத்தரவும் ரத்து. என் பிழைப்பைக் காப்பாற்றிய டாக்டரம்மாவுக்கும், எனக்காக உயிர்விட்ட செல்களுக்கும் என் நன்றியை அச்சேற்றுங்கள்.

தங்கள் மடல் பிழையில்லாமல் நீடூழி வெளிவரட்டும்.

இப்படிக்கு,
கீழ்த்தளத்துக் கழுவுகிறவன்

பி.கு.: மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். உறையை ஒட்டும்போது டாக்டரம்மா ஓடிவந்தார். “அண்ணே, இந்த வாரம் நீங்க கழுவினதுலயும் செல் செத்துப்போச்சே!” விஷயம் இதுதான். பெரிய ஆளாகிவிட்ட என் கவனம் சிதறக் கூடாதென்று போன வாரம் மேலாளர் என் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார். நானும் விதிப்படி ஏழே முறை எண்ணி அலசினேன். உண்மையில் அதற்கு முன் நான் எண்ணியதே கிடையாது. தினமும் வேலை நேரத்தில் என் மனைவி போன் போட்டுத் திட்டுவாள். ஒரு குற்றச்சாட்டை அவள் முடிக்கும்வரை கையிலிருக்கும் புட்டியை அலசிக்கொண்டே இருப்பேன். சற்றுமுன் கைபேசியைக் கெஞ்சி வாங்கி நானே அவளைக் கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

“ஏங்க, உடம்புக்கு ஏதாவது முடியலையா?” என்று பதறினாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்குப் பேசு” என்று குழாயைத் திறந்தேன்.