ரிப்பேர் மாப்பிள்ளையின் சர்வீஸ்

போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் வந்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கறுப்பாக, பாகு பதத்தில், அவசரமே இல்லாமல் தட்டில் வந்து விழுந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டு, கோல்ஃப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார் மாப்பிள்ளை. ஒரு கைவேலையை உருப்படியாகச் செய்த திருப்தி அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் கிடைத்தது.

போல்ட்டைப் பூட்டிவிட்டு, மேலே வந்து, சீட்டைத் தூக்கிப் புது ஆயிலை எஞ்சினில் ஊற்றினார். அளவு பார்க்கும் குச்சியை உருவினார். கோட்டையெல்லாம் தாண்டிப் பிடிவரைக்கும் ஆயில். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். மறுபடியும் பிடிவரைக்கும். பாதியில் நிறுத்தியிருந்த வீடியோவைக் கைபேசியில் ஓடவிட்டார். அதில் ஒருவர் சிரித்த முகமாக, "அடியில ரெண்டு போல்ட் இருக்கும், பின்னாடி இருக்கறதத் தொட்டுடாதீங்க, அது கியர் பாக்ஸ்" என்றார். தொட்ட பிறகு சொல்கிறார்.

ஆக, கியர் பாக்ஸ் காலி. எஞ்சினுக்கோ தொண்டைவரைக்கும் சாப்பாடு.

மனைவியின் வீட்டில் அவரை ரிப்பேர் மாப்பிள்ளை என்பார்கள். அவர் கை பட்ட எதுவும் ரிப்பேர் ஆகாமல் தப்பியதில்லை என்பதால் வந்த பட்டம். இஸ்திரிப் பெட்டி, குழாய், மிக்ஸி, கதவுத் தாழ்ப்பாள் என்று பெரிய பட்டியல் உண்டு. வேலை இன்ஷூரன்ஸ் ஆபீசில். அடுத்தவர்கள் எப்படியெல்லாம் விபத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அதனால் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எப்படி வெடிக்கும் என்பதுதான் அவருக்கு முதலில் தெரியும். முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள் என்று வீடியோவில் சொன்னதை அவர் செய்யாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். சூடான ஆயில் கையில் கொட்டிய கேஸ்கள் அவர் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

அவர்கள் குடியிருந்தது ஒரு பெரிய மருத்துவமனை வளாகத்தில். மனைவி அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வளாகத்தின் இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடியில் கூடம். நடுவில் ஒரு மேடு. அதனால் பாதி வீடுகளில் இந்த பெட்ரோல் கோல்ஃப் வண்டிதான். எல்லாம் ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கியவை, ஒரே பச்சை நிறம், ஒரே சாவி எல்லா வண்டிக்கும் சேரும். நம்மவர் ஒருமுறை எலும்பு டாக்டரின் வண்டியில் ஏறி வீடுவரைக்கும் வந்துவிட்டு, சீட்டு ஏன் இன்றைக்கு மெத்தென்று இருக்கிறது என்று மனைவியைக் கேட்டவர்.

அந்த எலும்பு டாக்டர்தான் மனைவியின் காலுக்குக் கட்டுப் போட்டவர். படியில் தவறி விழுந்து அவளுக்குக் கணுக்கால் முறிந்து, விடுப்பில் கிடந்தபோது கூடத்தின் தலைமைப் பதவி அவளுக்கு வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த பதவி. நாளைக்குக் காலையில் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். போகாவிட்டால், அவளுடைய இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும் இளையவளே நிரந்தரமாகிவிடுவாள். நாற்காலிக்கு வீட்டிலிருந்து மெத்தையே கொண்டுவந்து போட்டுவிட்டாளாம். நடக்க முடியாத மனைவிக்குச் சொந்தமாக இருந்தது இந்த வண்டி ஒன்றுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்தது. "மெக்கானிக் எதுக்கு? வண்டிய நானே சர்வீஸ் பண்ணி, நானே உன்ன ஏத்திக் கொண்டு போய் விடறேன்" என்று போன வாரமே சொல்லிவிட்டார். மனைவி சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. "சரி, பண்ணுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எஞ்சினையே விழுங்கியிருப்பார்.

"அத்தான், ரெண்டு போல்ட்ல தப்பான போல்ட்டா?" என்று வாசல்படியில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த மச்சினன் கேட்டான். அக்காவின் கால் சரியாகும்வரை உதவிக்கு வந்திருப்பவன். அவன் செய்த ஒரே உதவி, நேற்று சாயங்காலம் வண்டியை எடுத்துப் போய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப நிறுத்தி, மூடுதுணியைப் போர்த்தி வைத்தது. "பூப் போல ஓடுது அத்தான்" என்று சான்றிதழும் கொடுத்திருந்தான்.

பூப் போல ஓடிய வண்டியின் சீட்டுக்கு அடியில் காலையில் எலிக்கூடு இருந்தது. சீட்டும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அதைப் பார்த்து சந்தோஷம்தான். மெக்கானிக் எத்தனை லட்சணமாகப் பார்த்திருக்கிறான் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். மனைவி ஊன்றுகோலோடு வந்து எட்டிப் பார்த்து, "ஆமா, ரொம்ப மோசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது எஞ்சின் ஆயிலையும் இறக்கியாக வேண்டும். சரியான போல்ட்டைக் கண்டுபிடித்துத் திருகினார். தட்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தது நினைவுக்கு வருவதற்குள் ஆயில் தரையெல்லாம் ஓடிவிட்டது. பக்கத்துக் கொடியில் கைக்குக் கிடைத்த துணியைப் போட்டுத் துடைத்தார். துடைத்து முடித்துப் பிழிந்தபோதுதான் அது மனைவி நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைக் கோட்டு என்று தெரிந்தது. கோட்டைச் சுருட்டி வண்டிக்குள்ளேயே ஒளித்து வைத்தார்.

அதற்குப் பிறகு தொட்டதெல்லாம் வினைதான். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்ததென்று சோப்புப் போட்டு அலசினார். அது காகிதத்தில் செய்தது. கூழாகிக் கையோடு வந்தது. அதன் இடத்தில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி வைத்தார். ஸ்பார்க் பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டும்போது முழங்கை பட்டு பெட்ரோல் குழாய் ஒடிந்தது. டாங்கில் இருந்த பழைய பெட்ரோல் முழுக்கப் புல்லில் கொட்டியது. மச்சினனை விரட்டிக் கடையில் புதுக் குழாயும் புதுப் பெட்ரோலும் வாங்கி வரச் செய்து, தப்பும் தவறுமாக மாட்டி ஊற்றினார். கியர் பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனியாக ஆயில் ஊற்றி, எது எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். இருந்தாலும் சந்தேகம் போகவில்லை.

சீட்டைச் சாத்தி, ஏறி உட்கார்ந்து, பெடலை மிதித்தார். இந்த வண்டியில் பெடலை மிதித்தாலே எஞ்சின் எழுந்திருக்க வேண்டும். டிக் என்று ஒரு சத்தம். இன்னொரு தரம் மிதித்தார். டிக்.

"பேட்டரி போயிருக்கும்" என்றான் மச்சினன். சிரிப்பை வேர்க்கடலையோடு சேர்த்து மென்றான்.

"அப்ப உன் கார் பேட்டரியக் குடு."

மச்சினனின் சிரிப்பு அதோடு நின்றது. அந்தக் கார்தான் நாளைக்கு ஒன்றும் நடக்காவிட்டால் கடைசிப் புகல் என்று மாப்பிள்ளை மனத்துக்குள் வைத்திருந்த கார். அவன் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வர, இவர் ஒயரை எடுத்து அங்கேயும் இங்கேயும் மாட்டினார். சிவப்புக்குச் சிவப்பு என்று தெரியும். ஆனால் ஆயில் பட்ட ஒயர் இரண்டும் கறுப்பாகத்தான் இருந்தன. காருக்குள் எங்கோ பட்டென்று வெடித்தது, புகை வந்தது. அதற்குப் பிறகு காரின் ஹாரன்கூட அடிக்கவில்லை.

"எங்க அக்காவ எதுல அத்தான் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டுவிட்டு மச்சினன் காரின் மேலேயே சாய்ந்துகொண்டான்.

மாப்பிள்ளை ஸ்பானரை எடுத்தார். பிழைத்திருந்த கார் பேட்டரியை மட்டும் கழற்றித் தூக்கி வந்து வண்டியில் நேராக மாட்டினார். வெயில் சாய்ந்துவிட்டது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுப் பெடலை மிதித்தார்.

வண்டி இருமியது. உடம்பெல்லாம் உதறியது. நீலப்புகை கிளம்பி வாசலை மறைத்தது. பிறகு அது ஓடியே விட்டது. மாப்பிள்ளை பயத்தில் பெடலிலிருந்து காலை எடுக்க மறந்தார். வண்டி வாசலைக் கடந்து, பூந்தொட்டிகளை வரிசையாக இடித்துத் தள்ளி, கேட்டில் போய் முட்டியது. உள்ளே இரும்பு இரும்போடு அரைபடுகிற சத்தம் ஒன்று கேட்டது. அதோடு எல்லாம் அடங்கியது. எத்தனை மிதித்தும் அசையவில்லை.

அவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. வண்டி போனால் போகட்டும், கார் போனால் போகட்டும். சரி, பண்ணுங்க என்று அவள் சொன்னாளே, அதை இனி எந்தப் பிறவியிலும் கேட்க முடியாது என்பதுதான் தாங்கவில்லை.

மனைவி ஊன்றுகோலை ஊன்றி மெல்ல வந்தாள். உடைந்த தொட்டிகளைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கோட்டின் கையையும் பார்த்தாள்.

"உன் வேலைய நானே கெடுத்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை. "திட்டிடு. ரெண்டு வார்த்த திட்டினா எனக்குக் கொஞ்சம் நல்லாருக்கும்."

"பரவாயில்ல விடுங்க" என்றாள். "கைய எங்கயும் காயம் பண்ணிக்கலையே? மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்க."

அவள் திட்டாதது அவரை இன்னும் உடைத்தது. நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டால்தான் பெண்டாட்டி திட்டுவதை நிறுத்துவாள் என்று அவர் ஆபீசில் ஒரு பெரியவர் சொல்வார். வாழ்க்கையில் எந்த மெக்கானிக்கின் வாசலில் போய் நிற்கக் கூடாது என்று நினைத்தாரோ அவனுக்கே போன் செய்தார். வண்டி செத்துப்போச்சு, நான்தான் கொன்னேன், காலைக்குள்ள ஏதாவது பண்ணுங்க என்று கெஞ்சினார்.

மெக்கானிக் வந்தான். வாசலிலிருந்து கேட்டுவரைக்கும் தரையில் கிடந்த சக்கரத் தடத்தைப் பார்த்து நின்றான். அந்தத் தடத்தைத் தொடர்ந்து வண்டியிடம் போய், சீட்டைத் தூக்கி எஞ்சினில் கை வைத்தான். சூடு பட்டுச் சட்டென்று கையை எடுத்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சினன் எழுந்து வீட்டுக்குள் போனான்.

"ஒண்ணும் தேறாதா?" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சார், நேத்து தம்பி கொண்டாந்து விட்ட உங்க வண்டி என் ஷெட்ல பத்திரமா இருக்கு, உங்க கையில சிக்கக் கூடாதுன்னு அம்மாதான் எடைக்குப் போட வெச்சிருந்த இந்த வண்டியக் கொண்டாந்து நிறுத்தச் சொன்னாங்க, ஆனா நானும் எங்க முதலாளியும் வருஷக்கணக்கா முட்டிப் பாத்துக் கைகழுவின எஞ்சின் சார் இது, இத எப்படி ஓட வெச்சீங்க?"